மரக்கட்டைக்கு வரி போட்டால் காடு தப்புமா?



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் "மரம் வெட்டப் போகிறேன்" என்று சொன்னால் அதற்கு வேறு பொருள். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, உளியும் வாளியும் எடுத்துக்கொண்டு பால் எடுக்கப் போவதையே அப்படிச் சொல்கிறோம். மரத்தைச் சாய்ப்பதை நாம் வெட்டுவது என்று சொல்வதில்லை. பட்டையை ஒரு நூல் அளவு சீவி, அதே மரத்திடம் மறுநாளும் போய் நிற்கிற தொழில் நம்முடையது. ஆகவே, மரத்தை அடியோடு சாய்த்துக் கப்பலில் ஏற்றுகிற தொழிலின் வரலாற்றை இன்று நாம் பேசப்போவது உங்களில் சிலருக்குப் புதுமையாக இருக்கலாம். ஆனால் கதை கடைசியில் நம் ரப்பர் தோட்டத்துக்கே வந்து சேரும். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

பாலாக் லோரியைப் பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இல்லை. ஆறேழு பெரிய மரக்கட்டைகளைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு, செம்மண் புழுதியோடு பெரிய சாலையில் ஏறும் லோரியைத்தான் சொல்கிறேன். காட்டு மரத்தின் உருண்டைக் கட்டையை மலாய்மொழியில் பாலாக் என்பார்கள். அந்தக் கட்டையை அப்படியே கப்பலில் ஏற்றி வெளிநாட்டுக்கு விற்பதா, அல்லது இங்கேயே பலகையாக அறுத்து, ஒட்டுப் பலகையாகச் செய்து விற்பதா என்ற கேள்வி கடந்த ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பகுதியின் அரசாங்கங்களை அலைக்கழித்து வந்திருக்கிறது. ஏற்றுமதி வரி என்பது அந்தக் கேள்விக்குக் கிடைத்த ஒரு விடை. ஏற்றுமதித் தடை என்பது அந்த வரியின் கடைசிப் படி. யாரும் கட்ட முடியாத அளவுக்கு வரியை உயர்த்துவதும், போகக்கூடாது என்று சட்டம் போடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஏற்றுமதி வரி நமக்குப் புதிய செய்தி அல்ல. 1952-ஆம் ஆண்டில் மலாயாவில் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற ரப்பரில் ராத்தலுக்கு நாலரைக் காசு பிடித்து ஒரு நிதியில் சேர்த்தார்கள். பழைய மரத்தை அழித்துப் புதிய ஒட்டுக்கன்று நடுகிறவர்களுக்கு அந்த நிதியிலிருந்து பணம் திரும்பி வந்தது. பழைய மரத்துக்கு ஆர்செனிக் மருந்து தடவிப் பட்டுப்போக விட்ட காலம் அது. அந்த மருந்தைக் கையால் தொட்டு வேலை செய்தவர்கள் நம் பெற்றோர்களும் பாட்டன் பாட்டிகளும்தான். அதைத் தனியாக ஒரு நாள் பேசவேண்டும். இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று. ரப்பரில் பிடித்த காசில் ஒரு பகுதி மறுபடி மண்ணுக்கே வந்தது. மரம் போன இடத்தில் மரம் நின்றது. காட்டு மரத்தின் வரிக்கு அப்படி ஒரு திரும்பும் வழி வெகுகாலம் இருக்கவில்லை.

சரி, மரக்கட்டைக்கு ஏன் வரி போட்டார்கள்? முதல் காரணம் கஜானா. இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது. ஜப்பான் நம்மிடம் உருண்டைக் கட்டையாக வாங்கினால் அங்கே சுங்கவரி இல்லை. அதே மரத்தை ஒட்டுப் பலகையாகச் செய்து அனுப்பினால் வரி உண்டு. தங்கள் நாட்டு ஆலைகளும் அவற்றின் தொழிலாளர்களும் பிழைக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. "அப்படியானால் நாங்களும் கட்டைக்கு வரி போட்டு, ஆலையை எங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறோம்" என்பது இங்குள்ளவர்கள் கணக்கு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டையாகப் போனால் இங்கே கிடைப்பது மரம் சாய்ப்பவனுக்கும் லோரி ஓட்டுபவனுக்கும் உள்ள கூலி மட்டுமே. அறுக்கும் கூலி, இழைக்கும் கூலி, ஒட்டும் கூலி எல்லாம் கடல் கடந்து போய்விடும்.

இந்த வரி எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். எண்கள் நானாகப் போட்டவை, விளக்கத்துக்காக மட்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வொரு மீட்டராக உள்ள மர அளவை ஒரு கன மீட்டர் என்கிறோம். துறைமுகத்தில் வெளிநாட்டு வியாபாரி ஒரு கன மீட்டருக்கு 300 வெள்ளி கொடுக்கத் தயாராக இருக்கிறார். அரசாங்கம் 120 வெள்ளி வரி போடுகிறது. வெளிநாட்டு வியாபாரி அதற்காக 420 வெள்ளி கொடுக்கமாட்டார். வேறு நாட்டில் 300-க்குக் கிடைக்கும். ஆகவே வரி போக விற்பவர் கையில் நிற்பது 180 வெள்ளிதான். இப்போது உள்ளூர் ஆலைக்காரர் வருகிறார். அவர் 185 வெள்ளி கொடுத்தால் போதும், மரம் அவருக்கே. நேற்றுவரை 300 கொடுத்தால்தான் அவருக்குக் கிடைத்திருக்கும். ஆக, உள்ளூரில் விற்ற மரத்தில் அரசாங்கம் ஒரு காசும் வாங்கவில்லை. ஆனால் விற்றவர் 115 வெள்ளி இழந்தார், வாங்கிய ஆலை 115 வெள்ளி மிச்சம் கண்டது. ஏற்றுமதி வரி என்பது மரத்தைச் சொந்தமாக வைத்திருப்பவரிடமிருந்து மரத்தை அறுப்பவருக்குப் போகிற ஒரு மறைமுகமான கொடை.

இதில் காட்டுக்கு என்ன? இரண்டு விதமாகச் சொல்லலாம், இரண்டும் உண்மை. விலை குறைந்தால் சாய்ப்பதில் இலாபம் குறைகிறது. எட்டாத மேட்டில் நிற்கும் மரத்தைத் தேடிப் போகமாட்டார்கள். அந்த அளவுக்குக் காடு தப்பும். ஆனால் மலிவாகக் கிடைக்கிற பொருளை யாரும் சிக்கனமாகச் செலவழிப்பதில்லை. அரிசி விலை ஏறிய மாதத்தில் நம் வீட்டில் சோறு வீணாவதில்லை அல்லவா? மலிவான கட்டையைப் பழைய வாள் போட்டுத் தடிமனாக அறுத்துப் பாதியைத் தூளாக்கினாலும் ஆலைக்குக் கட்டுப்படியாகும். சற்றே வளைந்த கட்டையும் உள்ளே பொந்து விழுந்த கட்டையும் லோரிக் கூலிக்குக்கூடப் பெறாது என்று காட்டிலேயே கிடந்து மக்கும். எது வெல்லும் என்பது அந்த அந்த நாட்டில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் நம் தீபகற்ப மலேசியா. 1972-இல் சந்தையில் பெயர் பெற்ற 10 வகை மரங்களை உருண்டைக் கட்டையாக ஏற்றுமதி செய்யக்கூடாது என்று தடை வந்தது. பிறகு அந்தக் கட்டுப்பாடு விரிந்து, 1985-இல் முழுத் தடையாக முடிந்தது. ஆலைகள் பெருகின, பலகையும் ஒட்டுப் பலகையும் கப்பல் ஏறின. ஆனால் சாய்ப்பதை நிறுத்தும் அதிகாரம் வேறு கையில் இருந்தது. நம் அரசியலமைப்பின்படி ஏற்றுமதி வரி மத்திய அரசாங்கத்துக்கு உரியது. நிலமும் காடும் மாநில அரசாங்கத்துக்கு உரியவை. எந்தக் காட்டை எவருக்குக் கொடுப்பது என்பதை மாநிலம் முடிவு செய்கிறது. அதற்கான உரிமைத்தொகையையும் மாநிலமே பெறுகிறது. 1977-இல் தேசியப் பூங்காவாகப் பேசப்பட்டிருந்த எண்டாவ் ரொம்பின் காட்டில் பகாங் மாநிலம் மரம் சாய்க்க அனுமதி கொடுத்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். தேசிய வனக் கொள்கை 1978-இல் வந்தது; தேசிய வனச் சட்டம் 1984-இல் வந்தது. அந்தச் சட்டத்தில்தான் காட்டைச் சீர்படுத்துவதற்கான நிதி ஒன்றுக்கும் இடம் வைத்தார்கள்.

மரம் வளர எடுக்கும் காலத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1948-இல் கொண்டுவந்த மலாயா முறைப்படி, ஒருமுறை சாய்த்த காட்டுக்கு மறுபடி சாய்க்கப் போக ஏறத்தாழ 70 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அது தாழ்நிலக் காட்டுக்குப் பொருந்திய முறை. தாழ்நிலக் காடுகள் ரப்பருக்கும் செம்பனைக்கும் போய்விட்டபின் மலைக்காடுதான் மிச்சம். 1970-களின் இறுதியில் வந்த புதிய முறையில் தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் சாய்த்து, ஏறத்தாழ 30 ஆண்டுகளில் திரும்பி வரலாம் என்று கணக்கிட்டார்கள். நடுத்தர மரங்கள் காயமின்றித் தப்பியிருந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும். புல்டோசர் போன பாதையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

சபாவும் சரவாக்கும் வேறு கதை. மலேசியா அமைந்தபோது செய்த ஏற்பாட்டின்படி, மரத்துக்கும் காட்டுப் பொருள்களுக்கும் உரிய ஏற்றுமதி வரி அந்த இரு மாநிலங்களின் சொந்த வருமானம். கப்பல் ஏறும் ஒவ்வொரு கட்டைக்கும் மாநிலத்துக்குக் காசு. ஆகவே தீபகற்பத்தில் தடை வந்த காலத்திலும் அங்கே கட்டை போய்க்கொண்டே இருந்தது.

இனி இந்தோனேசியா. இந்தத் துறையில் ஆழமான பாடம் அங்கேதான் இருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1967-இல் அந்நாட்டில் புதிய வனச் சட்டம் வந்தபின் காலிமந்தானின் பெரும் காடுகள் நிறுவனங்களுக்கு உரிமம் மூலம் திறந்துவிடப்பட்டன. பத்தே ஆண்டுகளில் இந்தோனேசியா உலகின் முதன்மையான வெப்பமண்டல மரக்கட்டை ஏற்றுமதி நாடுகளில் ஒன்றாகிவிட்டது. 1978-இல் கட்டை ஏற்றுமதி வரியை 10 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்த்தினார்கள். 1980 மே மாதத்தில் படிப்படியான தடை அறிவிக்கப்பட்டது. ஒட்டுப் பலகை ஆலை கட்டுகிற நிறுவனத்துக்கே மிச்சமுள்ள ஏற்றுமதி அனுமதி என்றார்கள். 1985-இல் கட்டை ஏற்றுமதி முற்றாக நின்றது.

முதலில் சாய்ப்பது உண்மையாகவே குறைந்தது. ஆலை கட்ட முடியாத சிறு நிறுவனங்கள் உரிமத்தை விற்றுவிட்டு ஒதுங்கின. ஆலை வைத்திருந்த பெரிய கைகளில் காடு சேர்ந்தது. பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக எழும்ப எழும்பச் சாய்ப்பதும் மீண்டும் ஏறியது. 1980-களின் முடிவில் வெப்பமண்டல மர ஒட்டுப் பலகையில் உலகச் சந்தையின் முதலிடம் இந்தோனேசியாவுக்கு. கொரியாவிலும் தைவானிலும் தென்கடல் மரத்தை நம்பியிருந்த ஆலைகள் மூடப்பட்டன. சமாரிண்டாவில் மகாகாம் ஆற்றங்கரை நெடுகிலும் ஆலைகள் எழுந்தன. ஆயிரக்கணக்கான பெண்கள் அவற்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்தக் கூலியை நாம் குறைத்துப் பேசக்கூடாது. ஒட்டுப் பலகைச் சங்கமான அப்கிண்டோவின் தலைவராக இருந்தவர் அதிபர் சுகார்த்தோவின் நெருங்கிய நண்பரான பாப் ஹசான். எந்த ஆலை எவ்வளவு, எந்த நாட்டுக்கு, என்ன விலைக்கு விற்பது என்பதை அந்தச் சங்கமே தீர்மானித்தது.

ஆனால் ஆலைகள் காட்டின் சக்திக்கு மேல் பெருகிவிட்டன. ஒரு தடவை கட்டிய ஆலை வங்கிக்கடனோடு நிற்கும். அதற்கு நாள்தோறும் கட்டை வேண்டும். காடு மெதுவாக வளரும் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. உள்ளூரில் கட்டை மலிவு என்பதால் ஆலைகள் வீணடித்த மரமும் அதிகம். அதே அளவு ஒட்டுப் பலகைக்கு ஜப்பானிய ஆலையைவிட அதிகக் கட்டை தேவைப்பட்டது. மரத்தின் முழுவிலையை வாங்காமல் விட்டதால் அரசாங்கக் கஜானாவும் இழந்தது. கட்டையைத் தடை செய்தால் காடு தப்பும் என்று நினைத்தவர்கள், காட்டின் வாசலிலேயே தீராப் பசி ஒன்றைக் கொண்டுவந்து குடிவைத்துவிட்டார்கள் என்பதே என் கருத்து.

அது மட்டுமா? இந்தோனேசியா கதவை மூடியபோது ஜப்பானியக் கப்பல்கள் சும்மா திரும்பவில்லை. சரவாக்கின் பக்கம் திரும்பின. 1980-இல் சரவாக்கில் சாய்த்த மரம் ஏறத்தாழ 80 இலட்சம் கன மீட்டர். 1990-இல் அது 180 இலட்சத்தைத் தாண்டியது. ஒரு நாட்டின் தடை இன்னொரு நாட்டின் காட்டின்மேல் விழுந்தது. 1987-இல் பாராம் ஆற்றுப் பகுதியில் பெனான் மக்கள் மரக்கம்பங்களைக் குறுக்கே கட்டி லோரிப் பாதையை மறித்தது இந்தக் காலத்தில்தான். அனைத்துலக வெப்பமண்டல மர அமைப்பு 1989-90-இல் குழு அனுப்பிப் பார்த்து, சாய்ப்பதைப் பெருமளவு குறைக்க வேண்டும் என்று சொன்னது. தாய்லாந்திலும் இதேபோல்தான். 1988 நவம்பர் வெள்ளத்தில் மலைச்சரிவு மரக்கட்டைகளோடு கிராமங்கள்மேல் சரிந்தபின், 1989-இல் அந்நாடு தன் காட்டில் சாய்ப்பதைத் தடை செய்தது. அதன் ஆலைகள் பர்மாக் காட்டின் பக்கம் திரும்பின.

இந்தோனேசியாவின் கதை இன்னும் முடியவில்லை. 1992-இல் தடையை எடுத்துவிட்டு அதற்குப் பதில் வரி போட்டார்கள். ஒரு கன மீட்டருக்கு 500 அமெரிக்க டாலரும் அதற்கு மேலும்! பெயர்தான் வரி, யாரும் கட்டவில்லை. 1997-இல் ஆசியப் பணநெருக்கடி வந்தது. கடன் கொடுக்க முன்வந்த அனைத்துலகப் பண நிதியம், மரக்கட்டை வரியை 30 விழுக்காட்டுக்குக் குறைக்கவேண்டும், பிறகு படிப்படியாக 10 விழுக்காட்டுக்கு இறக்கவேண்டும் என்று 1998 சனவரியில் நிபந்தனை வைத்தது. ஒட்டுப் பலகைச் சங்கத்தின் ஏகபோகமும் நீங்கவேண்டும் என்றது. ஏட்டளவில் நல்ல யோசனைதான். கட்டைக்கு உண்மையான விலை கிடைத்தால் வீணடிப்பது குறையும். ஆனால் அந்த ஆண்டு மே மாதத்தில் ஆட்சி கவிழ்ந்தது, காவல் தளர்ந்தது, யார் வேண்டுமானாலும் காட்டுக்குள் போகலாம் என்ற நிலை வந்தது. உரிமம் இல்லாத கட்டைகள் எல்லை தாண்டின. 2001-இல் கட்டை ஏற்றுமதித் தடையை மறுபடி கொண்டுவந்தார்கள். 2002-இல் மலேசியாவும் இந்தோனேசிய உருண்டைக் கட்டைகளை இறக்குமதி செய்வதைத் தடை செய்தது. வரியும் தடையும் காகிதத்தில் இருக்கும்; காட்டில் நிற்பவர் வனக்காவலர். அவர் சம்பளம் என்ன, அவருக்குப் பின்னால் நிற்பது யார் என்பதைப் பார்க்காமல் வரியின் விழுக்காட்டை மட்டும் பேசுவது அரைக் கணக்கு.

சபாவிலும் 1993-இல் கட்டை ஏற்றுமதிக்குத் தடை வந்து, பிறகு தளர்ந்தது. 2018-இல் மறுபடி தடை வந்தது. ஒவ்வொரு முறையும் ஆலைகளுக்குக் கட்டை வேண்டும் என்பதே காரணம்.

நேயர்களே, இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம்.

பால் வற்றிய ரப்பர் மரத்துக்கு அந்நாளில் விலை கிடையாது. சாய்த்த மரம் விறகுதான். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காய அது எரிந்தது. செங்கல் சூளையில் எரிந்தது. லயத்து அடுப்பிலும் எரிந்தது. 1967-இல் பிறை நகரில் தொடங்கிய மலாயாவாத்தா இரும்பு ஆலை, ரப்பர் மரக் கரியைக் கொண்டே இரும்பு உருக்கியது. பலகைக்கு ஏன் ஆகவில்லை? சாய்த்த சில நாட்களிலேயே நீலப்பூசணம் படரும். வண்டு துளைத்து மாவாக்கும். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தின் ஆராய்ச்சிகள் இதற்கு வழி காட்டின. அறுத்த உடனேயே பலகையைப் போரான் மருந்துக் கரைசலில் அழுத்தத்தோடு ஊறவைத்துச் சூளையில் உலர்த்தினால் மரம் நிற்கும். நிறம் வெளிர் மஞ்சள், இழைத்தால் பளபளப்பு. 1980-களில் அது நாற்காலியாயிற்று, மேசையாயிற்று. மூவார் நகரைச் சுற்றித் தொழிற்சாலைகள் எழுந்தன. இன்று மலேசியாவின் மரத் தளவாட ஏற்றுமதியில் பெரும்பகுதி ரப்பர் மரத்தால் ஆனது. காட்டு மரத்தின் சுமையைத் தோட்டத்து மரம் ஓரளவு ஏற்றுக்கொண்டது.

உடனே பழைய கேள்வி இங்கும் வந்தது. அறுத்த ரப்பர் பலகையை வெளிநாட்டவர் அப்படியே வாங்கிப் போகத் தொடங்கினர். உள்ளூர் நாற்காலித் தொழிற்சாலைகள் முறையிட்டன. 1990-இல் அறுத்த ரப்பர் பலகை ஏற்றுமதிக்குக் கன மீட்டருக்கு 120 வெள்ளி வரி போடப்பட்டது. சற்று முன் கணக்கில் நான் சொன்ன 120 வெள்ளி வெறும் கற்பனை அல்ல என்பது இப்போது புரிந்திருக்கும். பின்னாளில் கட்டுப்பாடுகள் கூடியும் குறைந்தும் வந்து, 2017 ஜூலை முதல் நாளிலிருந்து அறுத்த ரப்பர் பலகையின் ஏற்றுமதியே தடை செய்யப்பட்டது. தளவாடத் தொழிற்சாலைகள் வரவேற்றன. பலகை ஏற்றுமதி செய்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

மரத்தின் சொந்தக்காரர் யார்? இன்று ரப்பர் நிலத்தின் மிகப் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. பெரிய தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. நாட்டின் ரப்பர் பரப்பு 1980-களில் இருந்ததில் ஏறத்தாழப் பாதிதான். ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் 25, 30 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் மரத்தை விற்கிறார். மறுநடவுக்கும், புதுக்கன்று பால் கொடுக்கும் வரையிலான ஐந்தாறு ஆண்டுச் சோற்றுக்கும் அந்தப் பணம் அவருக்குத் தோள்கொடுக்கவேண்டும். வரியும் தடையும் பலகையின் விலையைத் தாழ்த்தும்போது, குத்தகைக்காரர் ஏக்கருக்குக் கொடுக்கும் தொகையும் தாழ்கிறது. விலை தாழ்ந்தால் அவர் ரப்பரை விட்டுச் செம்பனைக்குப் போகிறார். அப்போது அடுத்த தலைமுறை நாற்காலிக்கு மரம் எங்கே? தொழிற்சாலைகள் ரப்பர் மரத் தட்டுப்பாடு என்று முறையிடுகின்றன. அந்தத் தட்டுப்பாட்டில் ஒரு பங்கு, மலிவு விலையில் மரம் வேண்டும் என்று அவர்களே கேட்டுப் பெற்றதிலிருந்து வந்ததோ என்று நான் ஐயப்படுகிறேன்.

தோட்டத்தில் மறுநடவு வருகிறபோது இதைக் கவனித்துப் பாருங்கள். சாய்க்க வருகிற குத்தகைக்காரர் அடிமரத்தை அளந்து ஏற்றிக்கொண்டு போவார். கிளையும் சுள்ளியும் கிடக்கும். முன்பெல்லாம் சாய்த்த மரம் நம் அடுப்புக்கும் விறகாகக் கிடைத்தது. இப்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசித்தான் எடுக்கிறார்கள். என்ன விலை பேசினார்கள், அந்த மாதம் பலகை மூவாரில் என்ன விலைக்குப் போயிற்று என்று உங்கள் பிள்ளைகளை விசாரித்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். சொந்தமாக இரண்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிற குடும்பங்களுக்கு மறுநடவு வரும் ஆண்டில் அந்தக் குறிப்பு பயன்படும்.